உப்புத் தண்ணீரும் வீட்டுச் சாதனங்களும்: எங்கள் குடியிருப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று கேட்டுவிடுவார்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் மாநகராட்சி விடும் நல்ல தண்ணீர் வரும். அது எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து சிறுவாணியாகவோ பில்லூராகவோ ஆழியாறாகவோ இருக்கும். இன்னொன்றில் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. படிக்கட்டிலும் லிஃப்டிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். குடிக்கத் தகுந்ததா என்பதைவிட, சாதனங்களை இந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதுதான் இதில் அதிகம்.

உப்புத் தண்ணீர் என்கிறோமே, அதில் இருப்பது சாப்பாட்டு உப்பா?

அதுவும் கொஞ்சம் இருக்கும். ஆனால் குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்காமல் போவதும் கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டின் வேலை. பள்ளிப் பாடத்தில் கடின நீர் என்று படித்தது இதைத்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்துத் தன்னோடு கொண்டுபோகிறது. கோவை வட்டாரத்தில் கிணறு தோண்டியவர்களுக்குச் சுண்ணாம்பு கலந்த சுக்கான்கல் தெரியாமல் இருக்காது. மதுக்கரையில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். போதாக்குறைக்கு மழையும் குறைவான ஊர். பல நூறு அடி ஆழத்தில் நெடுநாள் பாறையோடு பாறையாகக் கிடந்த தண்ணீரை மோட்டார் போட்டு இழுக்கிறோம், அது கடினமாகத்தான் இருக்கும்.

சிறுவாணி அப்படியில்லை. மலையில் பெய்த மழை, பாறை மேல் ஓடி அணைக்கு வந்துவிடுகிறது. கரைப்பதற்கு நேரமும் இல்லை, அங்கே சுண்ணாம்பும் அதிகம் இல்லை. அதனால்தான் ஒரே வீட்டில் ஒரு குழாயில் சோப்பு கையைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, இன்னொன்றில் நுரையே வருவதில்லை.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று கடினத்தன்மையைக் கணக்கிடுவார்கள். 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பொதுவான பாகுபாடு. இந்தியக் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500) 200 வரை ஏற்கிறது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. இவை குடிநீருக்கான எண்கள் என்பதை மறக்க வேண்டாம். 400 உள்ள தண்ணீரை மனிதன் குடித்துவிடலாம், கெய்சர்தான் குடிக்காது.

சாதனம் விற்க வந்தவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு '1,100' என்று காட்டினார். இவ்வளவு கடினமா?

இல்லை. அது டி.டி.எஸ். மீட்டர். தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பீடு சொல்லும். அதில் கால்சியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரில் ஒரு சிட்டிகை மேசை உப்பைப் போட்டு அதே பேனாவை விட்டுப் பாருங்கள், எண் எகிறும். ஆனால் கடினத்தன்மை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் கெட்டிலில் சுண்ணாம்பு ஒட்டாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர், கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் வாங்கிப் போட்டு, மறுநாள் பேனாவை விட்டுப் பார்த்துவிட்டு, "டி.டி.எஸ். குறையவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கொதித்துப்போய் வந்தார். சாஃப்ட்னர் ஒரு கால்சியத்தை எடுத்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். எடையில் 40 போய் 46 வரும். அதனால் டி.டி.எஸ். துளி கூடவே செய்யலாம். அவருடைய இயந்திரம் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. சோப்புப் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அப்படியானால் கடினத்தன்மையை எப்படி அளப்பது?

சும்மா தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு தெளிவான பாட்டிலில் பாதி தண்ணீர், கொஞ்சம் சீவிய குளியல் சோப்பு. மூடிக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். உப்புத் தண்ணீரில் நுரை வராமல், பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திரிகள் மிதக்கும். துணிப் பவுடரும் ஷாம்பும் எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், அதைப் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எண் வேண்டுமென்றால் கடினத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி (டெஸ்ட் கிட்) வாங்கலாம். குறியிட்ட குப்பியில் தண்ணீரை எடுத்து முதல் மருந்தைப் போட்டால் நாவற்பழக் கறை மாதிரி சிவக்கும். இரண்டாவது மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகிவிடும். எத்தனை சொட்டு என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்கினால் முடிந்தது. முழு அறிக்கை தேவைப்பட்டால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் நல்லது. ஒரே போரில் இரண்டு எண்களும் வேறாக இருக்கும்.

கெய்சர் போட்டதும் உள்ளே பொரிகடலை வறுக்கிற மாதிரி சத்தம் வருகிறது. வெடித்துவிடுமா?

பயப்பட வேண்டியது சத்தத்துக்கு இல்லை, அந்தச் சத்தத்துக்குக் காரணமானதைக் கவனிக்காமல் விடுவதற்குத்தான்.

சர்க்கரையும் உப்பும் சூடான தண்ணீரில் அதிகம் கரையும். சுண்ணாம்பு தலைகீழ். தண்ணீர் சூடேறும்போது கரைந்திருந்த பைகார்பனேட் பிரிந்து, கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் கல்லாகப் படிகிறது. எந்த இடம் அதிகமாகச் சுடுகிறதோ அங்கேதான் முதலில் படியும். கெய்சருக்குள் அது ஹீட்டிங் காயில். அதன்மேல் படிந்த ஓட்டுக்கும் காயிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியே வருகிறது. நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்.

போன வருஷம் எங்கள் வீட்டு 15 லிட்டர் கெய்சரைக் கழற்றினோம். பிளம்பர் தம்பி கீழ்த்தட்டை அவிழ்த்து காயிலை இழுத்தார், வரவில்லை. துளை வழியே போனபோது விரல் பருமனாக இருந்தது, இப்போது மணிக்கட்டுப் பருமனாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டிச் சுண்ணாம்பு ஓட்டை உடைத்த பிறகுதான் வெளியே வந்தது. உள்ளே செப்புக் குழாய் ஓரிடத்தில் கறுத்து, மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. தொட்டிக்குள்ளிருந்து முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகளை அள்ளி எவர்சில்வர் பேசினில் போட்டோம். பேசின் நிறைந்துவிட்டது. "மூணு வருஷத்துக்கு இது கம்மிதாங்ண்ணா" என்றார்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கடினத்தன்மை 500, ஒரு நாளைக்கு 60 லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 30 கிராம் கல் அந்தக் கெய்சருக்குள் நுழைகிறது. பெரும்பகுதி தண்ணீரோடே வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலே வருஷத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

ஓடு ஏறிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்துபோகிறது. வெந்நீர் வர நேரமாகிறது, மின் கட்டணம் ஏறுகிறது, கடைசியில் காயில் போய்விடுகிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில்: கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்விலும் இதே கல் படிந்து அடைத்துக்கொள்ளலாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகி வால்வும் அடைத்துக்கொண்டால்தான் வெடிக்கும் பேச்சு. வருஷத்துக்கு ஒரு முறை அந்த வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கெய்சரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

முதலில் தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள். 60 டிகிரிக்கு மேல் போகப்போகப் படிவு வேகமெடுக்கும். 50, 55 போதும், எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம். இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்வது. அப்போது உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற கம்பி அது. உப்பு அதிகமுள்ள தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். காயிலை மாற்றிவிட்டுக் கம்பியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

மூன்றாவதுதான் என் கருத்தில் எல்லாவற்றையும்விட மேல்: வீட்டில் நல்ல தண்ணீர்க் குழாய் இருந்து, அளவும் கட்டுப்படியானால், கெய்சருக்குள் அதை விடுங்கள். இந்த வீட்டிலே கழிவறைக்கும் தரை துடைக்கவும் எந்தத் தண்ணீரும் சரிதான். சூடாகிற இடத்துக்கு எது போகிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. ஒரு பிளம்பரின் அரை நாள் வேலையில் முடிகிற காரியம் இது.

சோலார் வாட்டர் ஹீட்டர்?

செப்புக் குழாய் வைத்த தட்டை வகை உப்புத் தண்ணீருக்கு நேரடியாக ஆகாது, மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை. அதிலும் அடியில் படியும், ஆனால் குழாயைக் கழற்றிக் கழுவிவிடலாம்.

வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணி பழுப்பாகிறது, துண்டு அட்டை மாதிரி விறைக்கிறது. பவுடரை மாற்ற வேண்டுமா?

பவுடரில் ஒரு பங்கு அழுக்கைத் தொடுவதற்கு முன்பே கால்சியத்தோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால் பாக்கெட்டில் கடின நீருக்கென்று போட்டிருக்கும் கூடுதல் அளவைப் பின்பற்றுவதுதான் வழி, பிராண்டை மாற்றுவது அல்ல. அதே சமயம் கண்மூடித்தனமாகக் கொட்டினால் அதுவும் துணியிலேயே தங்கும். துண்டு விறைப்பதற்குக் கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டுப் பாருங்கள். எப்போதாவது செய்யலாம், தினமும் செய்தால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை.

ஹீட்டர் உள்ள மெஷினில் கெய்சர் கதைதான். பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிறவர்களுக்கு ஹீட்டர் படிவு பெரிய தொல்லை இல்லை. எல்லோரும் மறந்துபோகிற இடம், தண்ணீர் உள்ளே போகும் குழாயின் முனையில் இருக்கும் சிறு வலை. "மெஷின் தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்று வந்த புகார்களில் பாதி அந்த வலையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்ததும் தீர்ந்தது. குழாயை மூடிவிட்டுக் கழற்றுங்கள். நான் ஒருமுறை மூடாமல் கழற்றினேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிவைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு, துணி இல்லாமல் சூடான சுற்று ஒன்று ஓட்டலாம்.

கெட்டில், இட்லிப் பாத்திரம், ஷவர் இவற்றில் படிந்த வெள்ளையை எப்படி எடுப்பது?

படிந்தது காரம், அதனால் புளிப்பு போதும். நம் வீடுகளில் பித்தளைக்கும் செம்புக்கும் புளி போட்டுத் தேய்த்த அதே வித்தை. இப்போது எளிது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றும் கேட்டு வாங்கலாம். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு தேக்கரண்டி. சூடாக்கி அணைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். உற்றுப் பார்த்தால் ஓட்டின் விளிம்பிலிருந்து சிறு சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்புவது தெரியும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். இட்லிப் பாத்திரத்துக்கும் அப்படியே, அலுமினியமாக இருந்தால் மட்டும் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். ஷவர் தலையைக் கழற்ற முடியாவிட்டால், இந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடலாம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குழாய்களில் ஊற்ற வேண்டாம். கல் போகும், கூடவே பளபளப்புப் பூச்சும் போகும். தரை மார்பிள் என்றால் கேட்கவே வேண்டாம், மார்பிளே சுண்ணாம்புக்கல்தானே. எந்தப் புளிப்பையும், அது வினிகரே ஆனாலும், பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.

பாத்திரம் கழுவும் மெஷினுக்கு உப்பு போடச் சொல்கிறார்களே, ஏற்கெனவே உப்புத் தண்ணீர்தானே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு குட்டி சாஃப்ட்னர் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கத்தான் உப்பு, பாத்திரம் கழுவ அல்ல. அதற்கென்று விற்கும் பெருமணி உப்பையே போடுங்கள். மேசை உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை உள்ளே அடைத்துக்கொள்ளும். மெஷினில் தண்ணீரின் கடினத்தன்மையை அமைக்கும் இடம் ஒன்று உண்டு, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சொட்டு மருந்தில் வந்த எண்ணுக்கு ஏற்றபடி அதை மாற்றி வையுங்கள். இந்த மெஷின் இழுக்கிற தண்ணீரும் மிகக் குறைவுதான். நல்ல தண்ணீர் இணைப்பு கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆர்.ஓ. போட்டால் எல்லாம் தீருமா?

குடிக்கும் தண்ணீருக்குத் தீரும், நிறையத் தண்ணீரைக் கழிவாக விட்டுவிட்டு. கடினத்தன்மை கூடக்கூட, தண்ணீரை வடிகட்டும் அதன் மெல்லிய சவ்வும் (மெம்பரேன்) சீக்கிரம் அடைபடும். மாநகராட்சி நல்ல தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, சிறுவாணிக்குப் போடுவது கடவுளுக்கே அடுக்காது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம், கறுப்பு டைல்ஸ் என்றால் வெள்ளைக் கோடு தெரியும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்குப் பெட்டியோடு வந்த குறிப்பில் சொன்ன தண்ணீர். உப்புத் தண்ணீர் இரண்டுக்குமே ஆகாது.

வீட்டுக்கு மொத்தமாக சாஃப்ட்னர் போடலாமா?

போடலாம், கணக்குப் பார்த்துவிட்டு. 500 கடினத்தன்மையுள்ள தண்ணீரை ஒரு வீடு தினமும் 500 லிட்டர் செலவழித்தால், சாஃப்ட்னர் ஒரு நாளில் கால் கிலோ கல்லைப் பிடிக்க வேண்டும். உள்ளே கால்சியத்தைப் பிடித்துவைப்பது ரெசின் என்ற சிறு மணிகள், ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராமைத் தாங்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள தொட்டி ஐந்து நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய ரெசினை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிப் புதுப்பிக்க, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று கிலோ உப்பு. மாதம் 18 கிலோ. அதை யார் தூக்கிக்கொண்டு வந்து போடுவது என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உப்பு தீர்ந்த சாஃப்ட்னர் வெறும் டிரம்தான், எத்தனையோ மொட்டை மாடிகளில் அப்படித்தான் நிற்கின்றன.

புதுப்பித்த பிறகு வரும் கழிவில் உப்பு மிக அதிகம். தென்னைக்கும் விடக் கூடாது, மழைநீர்க் குழிக்குள்ளும் விடக் கூடாது. குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் மென்னீர், கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போர் தண்ணீர் அப்படியே என்று குழாயைப் பிரித்தால் உப்புச் செலவு நன்றாகக் குறையும்.

குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார்களே?

மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்தில் அளந்து பாருங்கள். எண் மாறாது. கல் ஒட்டும் விதம் மாறும் என்று விற்பவர் சொல்வார். நான் என் காசைப் போட மாட்டேன்.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. மனப்பிரமையா?

நிஜம்தான். பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. துவரம் பருப்பை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்தால் குக்கரில் இரண்டு விசில் மிச்சம். டீயின் மேல் மினுமினுவென்று ஆடை மிதப்பதற்கும் இதே கால்சியம் ஒரு காரணம்.

சிறுநீரகக் கல் வருமா? முடி கொட்டுமா?

கெட்டிலில் கல்லைப் பார்த்ததும் இந்தப் பயம் வருவது இயல்பு. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஏற்கெனவே கல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியைப் பொறுத்தவரை, சோப்புத் திரிகள் படிந்து சொரசொரப்பாவது உண்மை. நம் ஊர் அரப்பும் சீயக்காயும் அந்தத் திரிகளை உண்டாக்குவதில்லை. எங்கள் அம்மா தலைக்குச் சோப்பே போடாததற்கு அவர் சொல்லும் காரணம் வேறு, ஆனால் வேதியியல் அவர் பக்கம்தான்.

லாரித் தண்ணீர் வாங்கினால் நல்லதா?

அதுவும் எங்கோ ஒரு போரிலிருந்துதான் வருகிறது. தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் (சம்ப்) இறக்குவதற்கு முன் ஒரு பாட்டில் பிடித்து சோப்புச் சோதனை செய்து பாருங்கள். மழைநீரைக் கிணற்றுக்கோ போருக்கோ விடுவது மெதுவான வேலை என்றாலும் பலன் தரும், மழைநீர் மென்னீர்தான். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டடங்களுக்கு அது கட்டாயமும் கூட. எங்கள் குழி மூன்று வருஷம் குப்பை மூடிக் கிடந்ததைத் தூர்வாரியது தனிக் கதை.

வாடகைக்குப் போகிற வீட்டில் தண்ணீர் எப்படி என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்காரரைக் கேட்டால் "தேன் மாதிரி இருக்குங்க" என்பார். ஷவர் தலையைப் பாருங்கள். எத்தனை துளைகள் அடைத்திருக்கின்றன? தண்ணீர் கோணல்மாணலாகப் பீய்ச்சுகிறதா? குழாயின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள், சொரசொரவென்று இருந்தால் தெரிந்துவிடும். குளியலறை வாளியின் உள்பக்கம் வெள்ளை வளையங்கள் இருக்கின்றனவா? குழாய், ஷவர், வாளி எல்லாமே புத்தம்புதிதாக மாற்றி வைத்திருந்தால், பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கிற சாக்கில் அவர்கள் வாளியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.